26 வாரம், 746 மாத்திரை: ஒரு தையல்காரியின் ரிவ்யூ

வழக்கமாக நான் ரிவ்யூ எழுதுவது நூல்கண்டு, லைனிங் துணி, ஓவர்லாக் மெஷின் பற்றித்தான். போன வருடம் நான் அதிகமாகப் பயன்படுத்திய சரக்கு வேறு. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த நான்கு வகை மாத்திரை. எனக்கு வந்தது மருந்துக்கு அசையாத டிபி. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை முதல் மாத்திரை போட்டேன். நவம்பர் 30, ஞாயிறு கடைசி மாத்திரை. ஒரு பட்டன் டப்பா வாங்கினால்கூட நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குகிறோம், இதைப் பற்றி அனுபவித்தவர் யாரும் தமிழில் எழுதி என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஸ்டார். மருந்துக்கு ஐந்துக்கு நாலரை. வீடு தேடி வந்து கேள்வி கேட்ட ஹெல்த் விசிட்டர் தங்கச்சிக்கு ஐந்து. ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு. காசு வந்து சேர்ந்த லட்சணத்துக்கு ஒன்றரை. ஆஸ்பத்திரி பெயர், ஊர் பெயர் வேண்டாம். பஸ்ஸில் 40 நிமிடம் போனால் மாவட்டப் பெரியாஸ்பத்திரி என்கிற மாதிரி ஊர், அவ்வளவு போதும்.

இருமல் போன வருடம் தை கடைசியில் ஆரம்பித்தது. துணித் தூசி என்று நினைத்தேன். தையல்காரிக்கு இருமல் வந்தால் வேறென்ன நினைப்பாள்? தெருமுனையில் ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். கஃப் சிரப்பும் ஐந்து நாளைக்கு லீவோஃப்ளாக்சசின் மாத்திரையும் எழுதினார். அற்புதமாகக் கேட்டது. காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது, திரும்ப அதே சீட்டு, திரும்பக் கேட்டது. மூன்றாவது தடவை போகக் கிளம்பியபோது தம்பி சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் பி.ஃபார்ம் படித்துவிட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான்.

"அக்கா, இந்த மாத்திரை டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். அடிச்சுப் படுக்கப் போட்டுட்டு விட்டுடும். சளியை டெஸ்ட் பண்ணாம இதைச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தா நோயும் தெரியாது, கிருமியும் இந்த மருந்துக்குப் பழகிடும். முதல்ல போய் சளியைக் கொடு."

எனக்கு எழுதிக் கொடுத்தவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு வந்தவளிடம் சளி டெஸ்ட் என்ற வார்த்தையையே எடுக்காமல் இரண்டு தடவை அனுப்பினாரே, அந்த இரண்டு மாதம் நான் வீட்டுக்குள் மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தேன். அதற்கு ஸ்டார் கொடுக்க என்னிடம் மைனஸ் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தார்கள். காலையில் எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சு இழுத்து, அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சில் செல்லாது. அன்றைக்கே எடை, உயரம் பார்த்தார்கள், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், காலை அமுக்கி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் நாற்காலியிலிருந்து கை பிடிக்காமல் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் தமிழ்நாட்டில் 2022இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. டிபியில் சாகிறவர்களில் நிறையப் பேர் வைத்தியம் ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். நிற்க முடியாதவர், மூச்சு வாங்குகிறவர், எலும்பும் தோலுமாக இருப்பவர் யார் என்று முதல் நாளே பிரித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் பலரைக் காப்பாற்றலாம். எக்ஸ்ரே மெஷின்கூட வேண்டாம், ஒரு நாற்காலியும் எடை மெஷினும் போதும். நான் 41 கிலோ. கை பிடிக்காமல் எழுந்தேன். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றார்கள்.

மறுநாளே போன் வந்தது. டிபி இருக்கிறது, டிபிக்கு வழக்கமாகக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத வகை, பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று. சளிக்குள் இருக்கும் கிருமியின் மரபணுவையே பார்க்கும் மெஷின் இப்போது இருக்கிறது. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்ற இரண்டு கேள்விக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடும்.

எனக்கு முன்னால் டிபி வந்ததே இல்லை. பாதியில் மருந்தை விட்டவர்களுக்குத்தான் இந்த வகை வரும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். இந்தியா முழுக்க 2014 முதல் 2016 வரை எடுத்த கணக்கில், முதன்முதலாக டிபி வந்தவர்களிலேயே 2.84 சதவீதம் பேருக்கு ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற முக்கியமான இரண்டு மருந்துகளும் கேட்காத வகை இருந்திருக்கிறது. ஏற்கெனவே டிபிக்கு மருந்து சாப்பிட்டவர்களில் 11.6 சதவீதம். எதிர்ப்பு வந்த கிருமியே ஒருவர் இருமலில் கிளம்பி அடுத்தவர் நுரையீரலுக்கு நேராகப் போய்விடுகிறது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை அத்தைக்குப் புரியவைக்க எனக்கு இந்த நம்பர் உதவியது.

இங்கே பெரிய மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன். 2012இல் அவருக்கு இதே வகை டிபி. ஆறு மாதத்துக்கும் மேல் ஊசி, வாரத்தில் ஆறு நாள், கானமைசின். கூடவே கைப்பிடி மாத்திரை, மொத்தம் இரண்டு வருடம். பழைய முறையில் ஒரு நோயாளி 14,000 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டியிருக்கும் என்று உலகம் முழுக்க ஒரு கணக்குச் சொல்வார்கள், மாமாவைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது. சாப்பாட்டு வாசனை வந்தாலே குமட்டுவார். நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்து யாரோ கூப்பிட்டதாகச் சொல்வார். அந்த மாத்திரைகளில் ஒன்று மனதைப் பிடித்து ஆட்டும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நோய் போனது. காதும் போனது. இப்போது அவரிடம் பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே நின்று உதடு தெரியப் பேச வேண்டும்.

அதனால் எனக்கு ரிசல்ட் வந்த அன்று அம்மா அழுதது நோய்க்காக இல்லை. "ஊசி போடுவாங்களாடி?" என்றுதான் கேட்டாள்.

ஊசி இல்லை. இனி சரக்கைப் பார்ப்போம்.

நான்கு மருந்து: பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின். இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்து பிபால்எம் என்கிறார்கள். பெடாகுவிலின் முதல் 14 நாள் தினமும் நான்கு மாத்திரை, அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் மட்டும், தடவைக்கு இரண்டு. மற்ற மூன்றும் தினமும் ஒவ்வொன்று. துணி அளக்கும் புத்தி போகாதே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெடாகுவிலின் 56ம் 144ம் சேர்த்து 200. மற்றவை 182 வீதம் மூன்று. ஆக 746. கூடவே நரம்புக்கு ஒரு வைட்டமின் மாத்திரை, அது கணக்கில் இல்லை. மாமாவின் மலையோடு ஒப்பிட்டால் இது ஒரு சின்னக் கூடை.

பெடாகுவிலினை வெறும் வயிற்றில் போடக்கூடாது, சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். நான் காலை இட்லிக்கு அப்புறம் போட்டேன். விழுங்கக் கஷ்டமில்லை. லினசோலிட் கொஞ்சம் பெரிது, நீளவாக்கில் இருக்கும், தண்ணீர் நிறைய வேண்டும். முதல் மாதம் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. காபி ருசியே மாறிவிட்டது. வாந்தி நாலைந்து தடவை, முதல் பத்து நாளில். அதோடு சரி. அல்சருக்குக் குடிக்கும் மருந்தை மாக்சிஃப்ளாக்சசினோடு சேர்த்து எடுத்தால் அது வேலை செய்யாது என்று தம்பி சொன்னான், நான் நெஞ்செரிச்சலுக்கு அடிக்கடி குடிக்கிற ஆள், அதை நேரம் பிரித்துக்கொண்டேன்.

இந்த மாக்சி விஷயத்தில் எனக்கு ஒரு மாதம் தூக்கம் இல்லை. அது தெருமுனை டாக்டர் கொடுத்த லீவோவின் பங்காளி. ஒன்றுக்குக் கிருமி பழகிவிட்டால் இன்னொன்றும் சரியாகக் கேட்காது. அதற்குத் தனி டெஸ்ட் அனுப்பினார்கள், ரிசல்ட் வரும்வரை நான்கையும் சேர்த்தே கொடுத்தார்கள். கேட்காது என்று வந்தால் மாக்சியை எடுத்துவிட்டு மூன்றோடு ஓட்டுவோம் என்றார் டாக்டர் மேடம். கடைசியில் கேட்கும் என்றே வந்தது. அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டேன்.

இவ்வளவு குறைந்த மாத்திரையில் குணமாகும் என்று எப்படி நம்புவது? நானும் கேட்டேன். தம்பி ராத்திரி கடை மூடிவிட்டு வந்து, மொபைலில் ஆராய்ச்சிகளைப் படித்துத் தமிழில் சொல்வான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தென் ஆப்பிரிக்கா, பெலாரஸ், உஸ்பெகிஸ்தான் மூன்று நாடுகளில் ஒரு சோதனை நடத்தியது. பழைய நீளமான வைத்தியத்தை ஒரு பக்கமும் இந்த நான்கு மருந்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள். புதியதில் 89 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு, பழையதில் 52 சதவீதம் பேருக்குத்தான். வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததால் புது ஆட்களைச் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரிலும் சென்னை, மதுரை, டெல்லி, மும்பை, ஆமதாபாத்தில் ஊசியே இல்லாமல் பெடாகுவிலின், டெலமனிட், லினசோலிட், குளோஃபசிமின் நான்கையும் கொடுத்து ஆறு முதல் ஒன்பது மாதத்தில் முடிக்கும் சோதனை நடந்திருக்கிறது. அதில் 91 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு. இன்னொரு நாள், மும்பைப் பெண் ஒருவர், கேப் டவுன் பெண் ஒருவர், இருவரைப் பற்றிச் சொன்னான். நந்திதா வெங்கடேசன், ஃபுமேசா டிசிலே. இருவருக்கும் டிபி, இருவருக்கும் ஊசியால் காது போனது. பெடாகுவிலின் மீதான காப்புரிமையை இன்னும் சில வருடம் நீட்டக்கூடாது என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் நீட்டிப்பு நிராகரிக்கப்பட்டது. இதை நான் ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் இருந்து மருந்து சாப்பிடுவதை அத்தையால் முதலில் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் தாம்பரம் சானடோரியத்தில், டிபிக்காரர்களைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், கொண்டுபோய் விடுவார்களே என்றார். தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி. தட்டிலும் துணியிலும் இது பரவாது, காற்றில்தான் பரவும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று வீட்டுக்கு வந்த தங்கச்சி சொன்னதற்கு, "நீ சொல்லுவ, நாங்கல்ல இருக்கணும்" என்றார். அப்போது தம்பி எடுத்துவிட்டது சென்னைக் கதை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மையம் ஒன்று ஆரம்பித்தார்கள், இன்றைய காசநோய் ஆராய்ச்சி தேசிய நிறுவனம் அதுதான். மெட்ராஸின் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை நல்ல சாப்பாடு, படுக்கை, ஓய்வோடு சானடோரியத்தில் வைத்தார்கள். பாதிப் பேரை அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே, மாத்திரையோடு விட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்துக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. 1959இல் அது வெளிவந்த பிறகுதான் உலகமே டிபிக்காரர்களை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியது.

அத்தை முழுதாக நம்பினாரா தெரியாது. ஆனால் வாளி இரண்டாவது வாரம் திரும்பி வந்தது. டம்ளர் ஆவணியில் வந்தது.

அடுத்து கவனிப்பு. இந்த மருந்து தினமும் விழுங்கினால் போதும் என்று விட்டுவிடுகிற மருந்து இல்லை. பெடாகுவிலினும் மாக்சியும் இதயத் துடிப்பின் ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டும், அதனால் ஆரம்பிக்கும் முன், இரண்டாவது வாரம், பிறகு மாதாமாதம் ஈசிஜி. பிரிட்டோமனிட்டுக்காகக் கல்லீரல் டெஸ்ட். லினசோலிட் தான் ரவுடி. ரத்தத்தைக் குறைக்கும், கால் நரம்பை மரக்க வைக்கும், கண் நரம்பைத் தொடும். கண்ணில் கை வைத்தால் முதலில் போவது கலர், அதிலும் சிவப்பு, பச்சை.

இதைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ரவிக்கைத் துணிக்கு நூல் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. அரக்குக்கும் வெங்காயத்தோல் கலருக்கும் நடுவில் நாலு கண்டு இருக்கும், டியூப்லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று. ஆஸ்பத்திரியில் புள்ளிப் புள்ளியாக இருக்கும் புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்பார்கள், மாதம் ஒரு தடவை. எனக்கு அது போதவில்லை. தினமும் காலை மாத்திரை போட்டதும் நூல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வேன். மயில்கழுத்து, பாட்டில் பச்சை, கிளிப்பச்சை, மாந்தளிர், அரக்கு, எம்.எஸ். ப்ளூ. ஒரு கண்ணை மூடி ஒரு தடவை, அடுத்த கண்ணை மூடி ஒரு தடவை. மகள் கண்டுகளை மாற்றி மாற்றி வைத்துவிட்டு டீச்சர் மாதிரிக் கேட்பாள். 26 வாரமும் ஒரு கண்டு தப்பவில்லை. கண் டாக்டரிடம் சொன்னபோது, இதைத் தொடர்ந்து செய்யுங்கள், ஆனால் புத்தகத்தையும் வந்து பாருங்கள் என்றார்.

கண் தப்பியது. கால் மாட்டியது.

வீட்டுக்கு வந்த தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே வருகிறேனே, அவர் டிபி பிரிவின் ஹெல்த் விசிட்டர். ஸ்கூட்டியில் வருவார். வாரத்துக்கு ஒரு தடவை, வாசலில் நின்றபடியே ஒரே ஐந்து கேள்வி. வாந்தி இருக்கா? ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா? படபடப்பு, மயக்கம்? கண் மங்குதா? கால் மரத்துப்போகுதா? முதல் மாதம் அக்கறையாகப் பதில் சொன்னேன். அப்புறம் அலுத்துவிட்டது. அவர் கேட்பதற்குள் "இல்ல, இல்ல, இல்ல" என்று அடுக்கிவிடுவேன்.

செப்டம்பர் முதல் வாரம் பெருவிரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. 14வது வாரம் என்று நினைக்கிறேன். அக்டோபர் 20 தீபாவளி. கையில் 34 ரவிக்கை. நோய் என்று தெரிந்து இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிப் போயிருந்தார்கள், மிச்சம் இருப்பவர்களையாவது பிடித்துவைக்க வேண்டும். நான் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் மோட்டார் மெஷினில் உட்கார்ந்தேன், பெடலை எவ்வளவு அழுத்துகிறேன் என்றே காலுக்குத் தெரியவில்லை. மெஷின் தானாகப் பறந்தது, ஒரு கழுத்துப் பட்டி கோணிக்கொண்டு போய்த் தோளில் ஏறியது. மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழைய மிதி மெஷினுக்கே போனேன். அதில் முழங்காலும் தொடையும் வேலை செய்யும், பாதம் சும்மா மேலே இருந்தால் போதும். சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை தங்கச்சி வந்தார். நான் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்து, "இல்ல, இல்ல, இல்ல" என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அக்கா, உங்க இடது கால் செருப்பு உள்ள நிலைப்படிகிட்டயே கிடக்குது. கழண்டது உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. வெறுங்காலோடு நின்றிருந்தேன், ஜல்லிக் கல் மேல்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி. டாக்டர் மேடம் அதிரும் ஒரு கவையைக் கணுக்காலில், விரல் எலும்பில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். பெருவிரலில் வைத்தபோது அது ஆரம்பித்ததே எனக்குத் தெரியவில்லை. லினசோலிட்டை உடனே பாதியாக்கினார், 600லிருந்து 300. நான் முதல் ஒன்பது வாரத்தைத் தாண்டியிருந்ததால் தைரியமாகக் குறைக்க முடிந்தது என்றார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று திட்டவில்லை, "தீபாவளி ஆர்டரா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிதான் அன்றைக்கு ராத்திரி திட்டினான். மாக்சி இல்லாமல் மற்ற மூன்று மருந்துகளை மட்டும் வைத்துத் தென் ஆப்பிரிக்காவில் 109 பேரிடம் செய்த முதல் சோதனையில் லினசோலிட் தினமும் 1200 மில்லிகிராம். பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல முடிவு, ஆனால் 81 சதவீதம் பேருக்கு நரம்பு மரத்துப்போனது. அதைப் பார்த்துப் பயந்துதான் அடுத்த சோதனையில் அளவையும் நாளையும் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்கள். 600இல் 26 வாரம் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் குணமானார்கள், மரத்துப்போனது 24 சதவீதம் பேருக்கு. நம் சேத்துப்பட்டு நிறுவனமும், 600இல் தொடங்கி நடுவில் 300க்கு இறக்கினால் என்ன ஆகிறது என்று இந்திய நோயாளிகளிடம் தனியாகச் சோதனை நடத்தியிருக்கிறது. "உன் கால் மரத்தா சொல்லணும்னுதான் அத்தனை பேர் அத்தனை வருஷம் உட்கார்ந்து அளவைத் தேடியிருக்காங்க. நீ ரவிக்கை தைக்கணும்னு மறைச்சிருக்க" என்றான். என்னிடம் பதில் இல்லை. அரை ஸ்டார் மருந்துக்குக் குறைத்தது இந்தக் காலுக்காகத்தான். அதில் என் பங்கும் உண்டு.

34இல் 29 ரவிக்கை தீபாவளிக்கு முன் கொடுத்தேன். ஹெம்மிங்கும் கொக்கியும் பக்கத்து வீட்டுப் பெண்.

இப்போது குறைகள். மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதுவார்கள், போனால் லேபில் மூன்று தடவை "ரீஏஜென்ட் (டெஸ்ட்டுக்கு வேண்டிய கெமிக்கல்) இல்லை, வெளியில் பார்த்துட்டு வாங்க" என்றார்கள். வெளியில் ஒரு தடவைக்கு 350 ரூபாய். அதில் ஒரு தடவைதான் ஹீமோகுளோபின் 10.2இலிருந்து 8.9க்கு இறங்கியது தெரிந்தது. காசில்லாத ஆள் என்றால் அந்த மாதம் பார்க்காமலே போயிருப்பார். இலவச மருந்து கொடுத்துவிட்டு அந்த மருந்தைக் கண்காணிக்கிற டெஸ்ட்டுக்கு வெளியே அனுப்புவது, துணியை ஓசியில் கொடுத்துவிட்டு நூலுக்குக் காசு கேட்கிற மாதிரி. ஈசிஜி அறையில் பெண்களுக்கு ஒரு திரை வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2018இல் 500ஆக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து ஆயிரம். எனக்கு முதல் தவணை வந்தபோது பாதி வைத்தியம் முடிந்திருந்தது. ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல், அதனால் எங்கோ மாட்டிக்கொண்டது. எந்த அலுவலகம் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். கல்யாணமான பெண்கள் மருந்து ஆரம்பிக்கிற அன்றே இந்த இரண்டையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயம் சின்னதில்லை. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேரையும் வைத்து ஒரு ஆராய்ச்சி நடத்தி 2023இல் வெளியிட்டார்கள். வீட்டு ஆட்களுக்கும் அரிசி, பருப்பு கொடுத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது. தம்பி இதைச் சொன்ன நாளிலிருந்து அத்தையே காலையில் இரண்டு முட்டை அவித்து வைக்க ஆரம்பித்தார். அவருக்குப் புரிந்த ஒரே ஆராய்ச்சி இதுதான். இரண்டு மாதத்தில் 41 கிலோ 44 ஆனது. இன்று 49. பழைய ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு எக்ஸ்ரே, தோல் டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். நோய் இல்லை, கிருமி உள்ளே தூங்குகிறது. அவளுக்கு ஆறு மாதம் தினமும் லீவோஃப்ளாக்சசின். ஆமாம், அதே லீவோ. எனக்குக் கோபம் வந்தது, எந்த மாத்திரையால் இவ்வளவு அலைந்தேனோ அதையே பிள்ளைக்கா என்று. டாக்டர் மேடம் பொறுமையாகச் சொன்னார். வியட்நாமிலும் தென் ஆப்பிரிக்காவிலும், மருந்துக்கு அசையாத டிபி நோயாளிகளின் வீட்டு ஆட்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் நோய் வருவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. உங்கள் கிருமி இந்த வகை மருந்துக்குக் கேட்கும் என்று டெஸ்ட் சொன்னதால்தான் கொடுக்கிறேன், இல்லையென்றால் கொடுக்கமாட்டேன் என்றார். மகள் ஒரு நாள் விடாமல் போட்டாள், காலண்டரில் நூல் கண்டு படம் வரைந்து வரைந்து.

இப்போது இடது பெருவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மரப்பு, வெயில் காலத்தில் பரவாயில்லை. மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டேன். துணியைத் திரும்ப வாங்கிப் போன இரண்டு பேரில் ஒருவர் பொங்கலுக்கு வந்தார், வேறு எங்கேயோ தைத்து கை இறுக்கமாகிவிட்டதாம், பிரித்துக் கொடுத்தேன், காசு முழுதாக வாங்கினேன்.

மருந்து முடிந்தாலும் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சளி கொடுக்க வேண்டும். அடுத்தது மே கடைசியில். தங்கச்சி இப்போதே டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் எழுந்து அடியிலிருந்து இருமி எடுக்கணும் அக்கா, எச்சில் செல்லாது என்றார். எனக்குத் தெரியாதா? ஆனால் இருமலே வரமாட்டேன் என்கிறது, நானும் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.